கல்யாணப் பத்திரிகையில் பி.ஏ.

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கைச் சொந்த லாரியில் இறக்கியவன் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் கிழங்கை உடைத்துப் பார்த்தே அதில் மாவு எவ்வளவு நிற்கும் என்று சொல்லிவிடுவேன். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் மிஷினை நம்பாமல் என்னைக் கேட்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, கச்சிராயபாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஐம்பது வயதுக்கு மேல், தபால் வழியில் பி.ஏ. பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தேன். பன்னிரண்டாவது முடிக்காவிட்டாலும், வயதை வைத்தே சேர்த்துக்கொண்டார்கள். முதல் வருஷத்தில் நுண்பொருளியல் என்று ஒரு பாடம். விலை ஏறினால் வாங்குவது குறையும், இறங்கினால் கூடும். இதற்கு ஒரு புத்தகமா என்று சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுந்து, "சார், இத்தத்தான் நான் சந்தையில காலங்காலமா பண்ணிக்கினு இருக்கேன்" என்றேன்.

"பண்ணுங்கய்யா. பரீட்சையில கோடு போட்டுக் காட்டணும்" என்றார் வாத்தியார்.

அந்தச் சமயத்தில்தான் என் பெண்ணுக்குக் கல்யாணம் கூடி வந்தது. சம்பந்தி உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். அவர்கள் வீட்டில் எல்லோர் பெயருக்குப் பின்னாலும் படிப்பு இருந்தது. பத்திரிகை அடிக்கப் போனபோது அச்சகத்துக்காரர், "உங்க பேருக்குப் பின்னாடி இன்னா போடணும்ணே?" என்று கேட்டார். பார்த்தேன், எங்கள் பக்கம் மொட்டையாக இருந்தது. "பி.ஏ. போடு" என்றேன். எப்படியும் வாங்கத்தானே போகிறோம் என்ற நினைப்பு. பந்தியில் சம்பந்தி தன் உறவுக்காரர்களிடம் என்னைக் காட்டி, "சொந்த முயற்சியில படிச்சு முடிச்சவரு" என்றார். நான் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டேன்.

நுண்பொருளியலில் தோற்றேன். கோடு வரையச் சொன்ன இடத்தில் கிழங்கு வியாபாரத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். மறுபடி எழுதப் போன அன்று, விடைத்தாள் கட்டோடு அறைக்குள் வந்தவர் என் சம்பந்தி. அன்றைக்கு அந்த அறைக்கு அவர்தான் மேற்பார்வை.

ஒவ்வொருவர் ஹால்டிக்கெட்டையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். என்னுடையதில் முதலாம் ஆண்டு என்று கொட்டையெழுத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். விலையை எந்தக் கோட்டில் போடுவது, அளவை எந்தக் கோட்டில் போடுவது என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

பரீட்சை முடிந்ததும் நழுவப் பார்த்தேன். வாசல் டீக்கடையில் இன்னொரு ஆசிரியரோடு நின்றிருந்த சம்பந்தி கையைக் காட்டிக் கூப்பிட்டார். போகாமல் முடியுமா?

"அட, பத்திரிகையில பாத்தமே, பி.ஏ.!" என்றார் அந்த ஆசிரியர். "இங்க இன்னாங்க வேல?"

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டார். "சொந்தக்காரப் பையன் ஒருத்தன் பரீட்ச எழுதறான். கூட்டியாந்திருக்காரு."

விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத மனுஷர் என்று என் பெண் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். நான் தலையாட்டினேன்.

"பையன் எப்பிடி எழுதனானாம்?"

"சுமாருதான்" என்றேன்.

அந்த ஆசிரியர் போனதும் மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். என் வாய் கேட்டால்தானே. "இந்தக் கோடு போடறதுதான் வரல சம்பந்தி, வியாபாரம்னு வந்துட்டா நான்..." என்று ஆரம்பித்துவிட்டது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அடுத்த பேப்பர் நாளைக்குத்தானுங்க? நான் வேற ரூம் கேட்டு வாங்கிக்கறேன். நீங்க நிம்மதியா எழுதுங்க."

அவர் பஸ் ஏறிப் போகிறவரை நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.