காற்றோட்டத் துளைகள்

அந்த வரைவாளருக்கு வாய்த்த வேலையே பாரம் பார்ப்பதுதான். எந்தத் தூண் எவ்வளவு தாங்கும், எந்த உத்திரம் எங்கே வளையும் என்று ஒரு கட்டட அலுவலகத்தின் ஐந்தாம் மாடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கோடு இழுப்பார். அவர் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, சட்டையின் இஸ்திரி மடிப்பே சொல்லிவிடும். அப்பேர்ப்பட்டவர் தன் சைக்கிள் எவ்வளவு தாங்கும் என்பதில் மட்டும் வாய் கூசாமல் பொய் சொன்னார். அதுவும் கட்டின மனைவியிடம்.

புதிதாக வாங்கிய மின்சார சைக்கிள் அது. பேட்டரி கீழ்க்குழாய்க்குள்ளேயே ஒளிந்திருந்ததால், பார்க்கிறவர்களுக்குச் சாதாரண சைக்கிள் மாதிரிதான் தெரியும். ஒரு கையால் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிவிடலாம். அலுவலகம் வரைக்கும் வியர்க்காமல் போய் இறங்கலாம். சட்டையும் கசங்காது. குறை என்று பார்த்தால் பின்னால் கேரியர் இல்லை, அவ்வளவுதான். வேண்டிய கேரியரையும் பைகளையும் தனியாகத்தான் பார்த்து வாங்க வேண்டும்.

அவர் மனைவி வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்கள் போட்டிருந்தார். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தருவது என்று சில்லறை வேலைதான் வந்துகொண்டிருந்தது. சைக்கிள் வந்த அதே வாரம் முதன்முதலாக ஒரு பெரிய வேலை வந்தது.

"ஏங்க, யூனிஃபார்ம் ஆர்டர் கிடைச்சிருக்கு! யாருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"யாருக்கு?"

"உங்க பில்டிங் செக்யூரிட்டிக்குத்தான்! வாராவாரம் தைச்சுத் தைச்சுக் குடுக்கணும். வியாழக்கிழமை தவறினா வேற ஆளைப் பார்த்துக்குவாங்களாம். நமக்கென்ன கவலை, நீங்கதான் தினம் அங்க போறீங்களே. பின்னால ஒரு கேரியர், ரெண்டு பக்கமும் பெருசா ஒரு பை. வேலை முடிஞ்சுது."

"பார்க்கலாம்," என்று மட்டும் சொன்னார். விஷயம் இதுதான். அலுவலகத்தில் அடுத்த சீட்டுக்காரர் ஒருநாள், "உங்க வீட்ல என்ன பண்றாங்க?" என்று கேட்டபோது, இவர் "டிசைனர்" என்று சொல்லி வைத்திருந்தார். அன்றிலிருந்து அந்த மாடியில் இவருக்குப் பெயரே 'டிசைனர் மாப்ள'. அந்த மாப்பிள்ளை காவலாளிகளின் பேன்ட்டுகளைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் வந்து இறங்குவதை நினைத்துப் பார்த்தார். காது மடல் சூடாகிவிட்டது.

சனிக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனார். கடை நடத்தியது ஓர் அம்மாள். கையில் கிரீஸ், நெற்றியில் கண்ணாடி.

"என்ன ஏத்தப் போறீங்க தம்பி?"

"லேப்டாப்."

"அதுக்குத் தோள்ல ஒரு பை போதுமே. வேற?"

"வேற... பெருசா ஒண்ணுமில்ல."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சைக்கிளின் பின்பக்கம் குனிந்து, சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில் இருந்த கறுப்பு ரப்பர் மூடியை நகத்தால் நெம்பி எடுத்தார். உள்ளே போல்ட் மாட்டும் மரை மின்னியது. இரண்டு பக்கமும் கீழே ஒன்று, மேலே ஒன்று என நாலு துளைகள்.

"பார்த்தீங்களா? ஒல்லியா இருக்குதேன்னு நினைக்காதீங்க. இதுல நாலு போல்ட் போட்டுக் கேரியர் மாட்டினா இருபத்தஞ்சு கிலோ தாங்கும். பை ரெண்டையும் சமமா தொங்கவிடணும், ஒரு பக்கமே ஏத்தினா வண்டி இழுக்கும். உங்களுக்குப் பாதம் நீளம். பையைக் கொஞ்சம் பின்னால தள்ளி மாட்டணும், இல்லன்னா மிதிக்க மிதிக்கக் குதிகால் இடிக்கும்."

சொல்லிக்கொண்டே பெரிய பைகள் இரண்டைக் கொக்கியில் மாட்டிக் காட்டினார். வண்டி சட்டென்று வேறு வண்டியாகிவிட்டது. கடைக் கண்ணாடியில் அதன் பக்கத்தில் நின்ற தன்னைப் பார்த்ததும் வரைவாளருக்குப் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. கல்லூரியில் சேர்ந்த அன்று படுக்கை மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு விடுதி வாசலில் நின்றவரை, "மூட்டையை வச்சுட்டுக் கிளம்பு, பையன் எங்கே?" என்று கேட்டார் விடுதிக் காப்பாளர். அந்தப் பையன் தான்தான் என்று சொல்வதற்குள் இவருக்கு உயிர் போய் வந்தது. பட்டம் வாங்கியதே இனி அப்படி எவனும் கேட்கக் கூடாது என்றுதான்.

"பார்சல் கொண்டு போற ஆள் மாதிரி இருக்கே," என்றார்.

"பார்சல் கொண்டு போறவங்கதான் தம்பி என்கிட்ட பார்த்துப் பார்த்து நல்ல பை வாங்குறாங்க."

கடைசியில் அவர் வாங்கியது, சீட்டுத் தண்டைக் கவ்விக்கொள்ளும் ஒரு சின்னக் கேரியரும் அதன்மேல் உட்காரும் மெலிசான கறுப்புப் பையும். மடிக்கணினி போனால் அதன் சார்ஜர் போகாது. அதற்கு மேல் எடை வைத்தால் ஆடும் என்று அந்த அம்மாள் சொன்னதும், அதற்காகவே காத்திருந்தவர் போலத் தலையாட்டினார்.

வீட்டில் மனைவி பையைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார்.

"இவ்ளோதானா? ஒரு பேன்ட்டை மடிச்சு வச்சா ஜிப் தெறிச்சுடுமே."

"இது லைட் வண்டி. பெரிய கேரியர் மாட்ட இதுல இடமே இல்ல."

மனைவி குனிந்தார். "அப்ப இந்தக் கறுப்பு ரப்பர் எதுக்கு?"

"அது... காத்துப் போறதுக்கு."

"காத்தா?"

"பேட்டரி சூடாகுமில்ல. காத்தோட்டம் வேணும்."

மனைவி நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி, நான் பஸ்லயே கொண்டு போய்க்கறேன்," என்று உள்ளே போய்விட்டார். தலை தப்பியது என்று வரைவாளர் மூச்சு விட்டார்.

அந்த வியாழக்கிழமை அடுத்த சீட்டுக்காரரோடு தேநீர் குடிக்க இறங்கினார். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்தபோது எதிரே மனைவி நின்றிருந்தார். இரண்டு கையிலும் மூட்டை. பேருந்து நெரிசலில் தலை கலைந்திருந்தது. கைப்பிடி அறுத்த தடம் விரல்களில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

வரைவாளரின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்க் கைப்பேசியை எடுத்தது. அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"எங்கம்மா போகணும்?" என்று அடுத்த சீட்டுக்காரர்தான் கேட்டார்.

"செக்யூரிட்டி ஆபீஸ்ங்க."

"ரெண்டாவது மாடி, வலது பக்கம். இருங்க, நான் பிடிச்சுக்கட்டுமா?"

"வேணாம் சார், பழக்கம்தான்." பிறகு கதவை மறித்து நின்ற கணவரிடம், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், "கொஞ்சம் வழி விடுங்க சார்," என்றார்.

வரைவாளர் வழி விட்டார்.

"பாவம், பஸ்ல தூக்கிட்டு வந்திருக்கும் போல," என்றார் அடுத்த சீட்டுக்காரர்.

"ஆமா," என்றார் இவர். அன்று தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டு மேலே வந்தார். மாலைவரை ஒரு கோடுகூட நேராக விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முன்னறை வாசலிலேயே நின்றார். தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் அப்படிக் கூப்பிட்டே?"

"எப்படி?"

"சார்னு."

"ஏங்கன்னு கூப்பிட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

"அதான்," என்று மனைவி துணியைத் திருப்பி ஊசிக்கடியில் வைத்தார். "அந்த ரப்பரை அன்னைக்கே நோண்டிப் பார்த்துட்டேன். துளையும் போட்டு அதுக்கு மூடியும் போட்டிருந்தா, எதையோ மாட்டறதுக்குத்தான். தினம் பொத்தான்துளை போடறவகிட்டயே காத்தோட்டமா?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னொண்ணு சொல்வீங்க. எத்தனையத்தான் ஒட்டுப் போடறது?"

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவர் மனைவி அலுத்துக்கொண்டதோடு சரி. மறுநாள் மாலை வரைவாளர் கூனிக் குறுகிக்கொண்டு மறுபடி அந்தக் கடைக்குப் போனார். கடைக்கார அம்மாள் பெரிய கேரியர் ஒன்றை எடுத்து வைத்து நாலு போல்ட்டையும் முடுக்கினார். மழை புகாதபடி வாயைச் சுருட்டிக் கொக்கி போடுகிற பெரிய பைகள் இரண்டை எடுத்து, குதிகால் இடிக்காதபடி பின்னால் தள்ளி மாட்டினார். "ஏத்திட்டு முதல்ல தெருவுக்குள்ள ஒரு சுத்து வந்து பாருங்க. பின்பாரம் பழகணும்," என்றதோடு சரி.

அடுத்த வியாழக்கிழமை சீருடைகளை இரண்டு பையிலும் சமமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டு கிளம்பினார். மனைவி வாசலுக்கு வரவில்லை. நிறுத்துமிடத்தில் கொக்கியைக் கழற்றி கைக்கொரு பையாகத் தூக்கியபோது, பின்னாலிருந்து அடுத்த சீட்டுக்காரரின் குரல் வந்தது.

"என்ன டிசைனர் மாப்ள, கடை போட்டுட்டீங்களா?"

"செக்யூரிட்டி யூனிஃபார்ம். என் வீட்ல தைச்சது," என்றார் வரைவாளர். "டிசைனர் இல்ல. தையல் வேலை. நான்தான் அப்படிச் சொல்லி வச்சேன்."

அடுத்த சீட்டுக்காரர் சிரித்தார். "அட, இதுக்குப் போயா! அப்ப போன வாரம் மூட்டையோட வந்தாங்களே ஒரு அம்மா, அவங்க உங்க வீட்ல வேலை பார்க்கறவங்களா?"

ஓர் 'ஆமா' போதும். கேட்டவரே எடுத்துக் கொடுத்த வார்த்தை, தலையை ஆட்டினாலே தப்பித்துவிடலாம். வரைவாளரின் தலை பாதி அசையவும் செய்தது.

"இல்ல," என்றார். "அவங்கதான் என் மனைவி."

அடுத்த சீட்டுக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் அன்றைய லிஃப்ட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

"நீங்க என் பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா."

அடுத்த சீட்டுக்காரர் லிஃப்ட்டுக்கு நிற்காமல் படியேறிப் போய்விட்டார். காவல் அலுவலகத்தில் சீருடைகளைப் பிரித்துப் பார்த்த மேற்பார்வையாளர் தையல் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள வரைவாளருக்கு முகம் இல்லை.

அன்று மாலை மனைவி கேட்டார்: "யாராவது கேட்டாங்களா?"

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தலை பாதி அசைந்ததைக்கூட மறைக்கவில்லை.

"பக்கத்துலதானே நின்னீங்கன்னா கேட்டார்?"

"ம்."

"நான் கேக்கணும்னு இருந்தேன்." மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அவர் கேட்டதே நல்லதாப் போச்சு. நான் கேட்டிருந்தா அழுதிருப்பேன்."

அடுத்த வாரத்துச் சட்டைகள் மேசைமேல் குவிந்து கிடந்தன. அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தார். இரண்டாவது சட்டையை மனைவி பிடுங்கி, காலர் உள்ளே போக வேண்டும் என்று காட்டித் திரும்பக் கொடுத்தார். அவர் நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.