தாளில் மூன்றாவது பெயர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்னறையில் நானும் இவரும் வாடகைக்கு இருந்தோம். இவர் என்றால் என் புருஷன். சண்டைக் காலம். இவர் பலசரக்குக் கடையில் மூட்டை இறக்கினார். நான் சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நீட்டி எழுதத் தெரியாது.

அப்போது ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தாளில் எழுதி, பொலிஸில் முத்திரை வாங்கி வைத்திருக்க வேண்டும். எங்கள் தாளில் மூன்று பெயர். முதலாவது வீட்டுக்கார அன்ரி. இரண்டாவது நான். மூன்றாவது இவர்.

ஒரு சுற்றிவளைப்பில் பொலிஸார் இவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு குற்றமும் இல்லை. ஊர் யாழ்ப்பாணம், அவ்வளவுதான்.

மாதங்கள் போயின. தாளைப் புதிதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அன்ரி பேனையோடு வந்தா.

"மகள், அவன்ட பேரை விட்டுடுவோம். இல்லாத ஆளை எழுதினா நமக்குத்தான் கரைச்சல்."

"எழுதுங்கோ அன்ரி."

"ஆள் எங்க இருக்கிறான்?"

"சேட் இருக்குது."

கொடியில் இவருடைய வெள்ளைச் சேட் காய்ந்தது. வெள்ளிக்கு வெள்ளி அதைத் துவைத்துப் போடுவேன். பெட்டியில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வருகிறவருக்குப் போட ஒன்று வேண்டுமே.

"போடாத சேட்டுக்கு என்னத்துக்கு சவுக்காரம்?" என்றா அன்ரி. ஆனாலும் பெயரை எழுதினா.

பொலிஸில் சார்ஜன்ட் ஆள் எங்கே என்று கேட்டார். "உங்களிட்டத்தான். விட்டா இங்கதான் வருவார்" என்றேன். அன்ரி அதைச் சிங்களத்தில் சொன்னா. அவர் சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

எல்லா நாளும் சிரிப்பாக இல்லை. ஒரு நாள் காலையில் வேறு ஆட்கள் சோதனைக்கு வந்து, புருஷனின் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் பெண்சாதி புருஷனின் பெயரைச் சொல்ல மாட்டாள். தாளில் விரலை வைத்துக் காட்டினேன். மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அறை தலைகீழானது. இடியப்பத் தட்டைக்கூடத் தூக்கிப் பார்த்தார்கள். அன்ரி ஓடி வந்து பெயரைச் சொன்ன பிறகுதான் போனார்கள்.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? பேரைச் சொன்னா என்ன வரும்?"

"அவருக்கு ஆயுசு குறையும் எண்டு அம்மா சொன்னவ."

"சொல்லாமலே உள்ளுக்குப் போயிட்டானே, மகள்."

கீழே கிடந்த இடியப்பத் தட்டுகளைப் பொறுக்கி அடுக்கினேன்.

இவருடைய வழக்கு விசாரணைக்கு வந்தது. கொழும்பில் விலாசம் இருப்பதைக் காட்டினால் விடுவார்கள், இல்லாவிட்டால் கஷ்டம் என்றார் சட்டத்தரணி. தாளைக் கொண்டு போனோம். அன்ரியும் பூசைக்குக் கட்டும் சேலையோடு வந்தா.

அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நீதவான் என்னிடம் கேட்டார். மொழிபெயர்க்கிறவர் தமிழில் சொன்னார். அன்ரியின் பெயரைச் சொன்னேன். என் பெயரைச் சொன்னேன். அடுத்தது இவருடைய பெயர். பின்னால் அன்ரி செருமினா. கூண்டில் இவர் நின்றார். மெலிந்து போயிருந்தார்.

சொன்னேன். தகப்பன் பெயரோடு சேர்த்து, சத்தமாக. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை.

நீதவான் தாளில் விரலை ஓட்டினார். மூன்றாவது வரியில் பெயர் இருந்தது. கீழே முத்திரை இருந்தது.

விட்டார்கள்.

வெளியே வந்ததும் சேட்டைக் கொடுத்தேன். இரண்டு பேர் நுழையலாம் போல இருந்தது இவருக்கு.

"என்ன, பேரெல்லாம் சொல்லுறீர்?"

"ஓம். தேவையெண்டா திருப்பியும் சொல்லுவன்."

"இனி இவள்ட வாய மூடேலாது, தம்பி" என்றா அன்ரி. சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தா.

அடுத்த சோதனைக்குப் பழைய சார்ஜன்டே வந்தார். வாசலில் நின்று தாளைப் படித்தார். அன்ரி இருக்கிறேன் என்றா. நான் இருக்கிறேன் என்றேன். மூன்றாவது பெயரைப் படித்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். நான் மாவைப் பிழிந்துகொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

"இன்னவா" என்று அறைக்குள்ளிருந்து சிங்களத்தில் குரல் வந்தது. இருக்கிறேன் என்று. இவரே சொன்னார்.

அன்று இடியப்பம் கடைக்குப் பிந்தித்தான் போனது. முதல் தட்டை இவருக்கு வைத்தேன்.