மேசியாவும் கிரேஸ் டைமும்

போன வாரம் கம்பெனி கேட்டில் விரலை வைத்தேன். மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. பஸ் பஞ்சரான கதையைச் சொல்ல வாயெடுத்தேன். "கிரேஸ் டைமை எடுத்துட்டாங்கபா. இனிமே ஒரு நிமிசம் லேட்னாலும் அரை நாள் சம்பளம் கட்," என்றார் செக்யூரிட்டி அண்ணன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாபா, சம்பளம் போவுது, சிரிச்சிக்கினு நிக்கிற?"

'கிரேஸ் டைம்' என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு பழைய ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்ததையும், கையோடு ஒரு யோசனை உதித்ததையும் அவரிடம் எப்படிச் சொல்வது?

கும்மிடிப்பூண்டியில் எங்கள் சபைக்குப் பின்னால் ஒரு ஷீட் கொட்டகை. அதுதான் ஞாயிறு பள்ளி. உருக்காலைப் பக்கமிருந்து காற்றடித்தால் வேதாகமத்தைத் திறக்கும்போதே இரும்பு வாசனை வரும். பரலோகத்தின் பொன் வீதியைக்கூட நான் துரு வாடையோடுதான் கற்பனை செய்திருக்கிறேன். வகுப்புக்கு முன் பன் கொடுப்பார்கள். என் பக்தியில் அந்தப் பன்னுக்குப் பெரிய பங்குண்டு.

பாடம் எடுத்தவர் ஸ்டெல்லா அக்கா. மற்ற நாளில் ஒரு கம்பெனியில் மருந்துக்கு அட்டைப்பெட்டி மடிப்பவர். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாள் வேடம் எங்களோடு படித்த ஜெனிபருக்கு என்று சொல்லியிருந்தார். ஆனால் அம்மா நைட் ஷிப்ட் முடிந்து வரும்வரை ஜெனிபர்தான் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வாராவாரம் தாமதம். "இன்னொரு வாட்டி லேட்டா வந்தா வேசம் வேற ஆளுக்கு," என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். ஜெனிபரோ தேவதூதனுக்குச் சொல்லவேண்டிய பதிலைத் தண்ணீர் பிடிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறும் அவளைக் காணோம். அக்கா பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

"மேசியா வருவாரு, வருவாருன்னு ஜனங்க காத்துக்கினே இருந்தாங்க. கடைசில வந்தாரு. நாம நல்லவங்கன்னு இல்ல, கிருபையால. இங்கிலீஸ்ல கிரேஸ். கிருபைன்னா இன்னா?"

நான் முந்திக்கொண்டேன். "கிரேஸ் டைம்க்கா! லேட்டா வந்தாலும் கேட்ல உட்ருவாங்களே!" எங்கள் வீடுகளில் தினமும் புழங்கிய சொல்லாயிற்றே.

"அது பத்து நிமிசந்தான்டா. கிருபைக்கு அந்த மாதிரி கணக்குலாம்..."

அக்கா நிறுத்திவிட்டார். வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூச்சிரைக்க, ஜெனிபர்.

"பத்து நிமிசத்துக்கு மேல ஆயிட்ச்சிக்கா," என்று அவளே சொன்னாள்.

அக்கா தம்பியைக் கையில் வாங்கிக்கொண்டார். "உள்ள வா. வேசம் உனுதுதான்."

வேடம் தன் தங்கைக்கு வருமென்று காத்திருந்த பிரவீன் எழுந்துவிட்டான். "அப்போ கரீட்டா வந்த நாங்க இன்னா லூசாக்கா?"

"சீக்கிரமா வந்து ரெண்டு பன்னு துன்னியேடா, அது மறந்துட்ச்சா?"

நாடகத்தில் ஜெனிபரின் தம்பிதான் குழந்தை இயேசு. நடக்கத் தெரிந்த மேசியா! முன்னணைத் தொட்டிலிலிருந்து எழுந்துபோய், பரிசோடு வந்த ஞானிகளின் தங்கப் பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே ஒன்றுமில்லையென்று ஓவென்று அழுதார்.

கொட்டகை போய் மாடிக் கட்டடம் வந்துவிட்டது. ஸ்டெல்லா அக்கா கல்யாணமாகிக் காக்களூர்ப் பக்கம் போய்விட்டார். அந்த வகுப்பை இப்போது நான் எடுக்கிறேன். வரிசையான நாற்காலிகள், நேரம் தவறாத பிள்ளைகள். ஆனால் தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பிள்ளை ஒன்றுகூட இல்லை. அம்மாக்கள் இன்றும் நைட் ஷிப்ட் போகிறார்கள். பிள்ளைகள்தான், லேட்டாகிவிடும் என்று, வருவதையே விட்டுவிட்டார்கள்.

வகுப்பைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டால், "ஆராதனைக்கு இடிக்குமேப்பா," என்பார் பாஸ்டர். சரி, இடிக்க வேண்டாம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், மேசியா வந்த பாடத்தை அந்தப் பிள்ளைகளின் தெருவிலேயே பாய் விரித்து நடத்திப் பார்க்கப் போகிறேன். அங்கே யாரும் லேட்டாக வர முடியாது.