ஈரக் காற்றில் அக்கா வைத்த தகடு

முருகா, துணை நில். நான் ஆறாம் வகுப்போடு நின்று லோரி ஓட்டப் போனவன். எங்கள் அக்கா மறைந்து வருடம் திரும்பிவிட்டது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்ட சொந்தபந்தங்கள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். அம்மா பால்வெட்டில்தான் எங்கள் இருவரையும் ஆளாக்கினார். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் படித்த அக்கா, எழுபதுகளின் கடைசியில் கோலாலம்பூர் போய் ரசாயனம் படித்து, அங்கேயே ஆராய்ச்சி வேலையில் அமர்ந்தார். கரண்டு ஓடும் பிளாஸ்டிக் செய்வதுதான் அந்த வேலை.

“ஏம்மா, பிளாஸ்டிக்லயும் கரண்டு ஓடுனா நாங்க எதப் புடிச்சுக்கிட்டு சுவிட்ச போடுறது லா?” என்று தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் ஐயா கிண்டல் செய்வார்.

“நீங்க மொதல்ல காலுக்குச் செருப்பப் போடுங்க ஐயா” என்று அக்கா சிரிப்பார். வரன் கேட்டு வந்தவர்களுக்கு இந்த வேலையை விளக்கிச் சொல்ல அம்மாவுக்குத் தெரியவில்லை. அக்காவுக்குக் கல்யாண வயதும் போய்விட்டது.

அக்காவுக்கு ஒரே எதிரி ஈரம். அவர் செய்த கறுப்பு பிளாஸ்டிக் தகடு ஈரமில்லாத ஏர்கான் அறையில் நன்றாகக் கரண்டு கடத்தும். நம் ஊர்க் காற்று பட்டால் செத்துவிடும். ஒரு மழைக்காலம் சாதாரண வீட்டில் தாங்கினால்தான் ஆராய்ச்சி தொடரும், இல்லையேல் மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரு தகட்டைக் கொண்டுவந்து எங்கள் லயத்து வீட்டு ஜன்னல் ஓரம் வைத்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் மீட்டர் வைத்துப் பார்ப்பார். மழை கொட்டிய அந்தக் காலம் முழுக்க முள் இறங்கவே இல்லை. மழை ஓய்ந்த அன்று அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “தலைக்குக் குளிச்ச புள்ளைக்குக் காட்டுற மாதிரி, தெனம் பொழுது சாய சாம்பிராணிச் சட்டி மேல காட்டி எடுத்தேன்டி. ஈரம் ஏற உடுவனா?”

அக்கா ஜன்னல் ஓரத் தகட்டைத் திரும்பிப் பார்த்தார். “தெனமுமாம்மா?”

“ஒரு நா உடல.”

ஈரத்தை விரட்டியது தகடு இல்லை, சாம்பிராணிச் சூடுதான் என்று பக்கத்தில் இருந்த தாய்மாமாவுக்குப் புரிந்துவிட்டது. “சொல்லாட்டி யாருக்குத் தெரியும்? சாம்பிராணி சாமி காரியம்தான லா?”

“மாமா, கடையில தகடு வாங்குற வீட்டுக்கெல்லாம் எங்கம்மாவக் கூடவே அனுப்ப முடியுமா?” என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்; கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போய் மேலிடத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டார். ஆராய்ச்சியை மூடினார்கள். மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கும் வேலைதான் மிஞ்சியது. அம்மாவை ஒரு சொல் கடிந்ததில்லை. அம்மாதான், “நாந்தான் கெடுத்தேன்” என்று பூசைக்கு உட்காரும்போதெல்லாம் அழுவார்.

கிடைத்த நேரத்தில் அக்கா மறுபடி வேறு பக்குவத்தில் தகடு செய்தார். அது ஒழுங்காக வருவதற்குள் தொண்ணூறுகள் பிறந்து, புற்றுநோயும் வந்துவிட்டது. “தகடு செய்யுற அந்த மருந்துத் தண்ணிதான் எம்புள்ளையத் தின்னுச்சா?” என்று அம்மா கேட்டார். டாக்டரால் சொல்ல முடியவில்லை. இன்றுவரை எங்களுக்கும் தெரியாது.

கடைசி மாதங்களில் அக்காவும் அம்மாவும் மம்பா ஊரில் என் வீட்டில்தான் இருந்தார்கள். புதுத் தகடு சமையல்கட்டு ஜன்னலில் இருந்தது. இது ஈரத்தில் நின்றால், கூட வேலை செய்த பெண் ஒருவர் மேற்கொண்டு எடுத்துச் செய்வதாகச் சொல்லியிருந்தார். அம்மா அந்தப் பக்கமே போகமாட்டார். சாம்பிராணியைக்கூட வாசலில்தான் போடுவார். நான் முருகனிடம் வேறு எதையும் கேட்கவில்லை: அக்கா பிழைக்க வேண்டும், தகடு நிற்க வேண்டும்.

மழை விடாமல் பெய்த ஒரு வாரம். படுக்கையிலிருந்து அக்கா கேட்டார். “எவ்வளவு காட்டுது?”

“முள்ளு அசையலக்கா.”

“வயர் ரெண்டையும் சரியா வச்சியா?”

“வச்சேன்.”

“அப்ப செத்துடுச்சுன்னு அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு.”

வாசற்படியில் நின்ற அம்மா, “முருகன் சத்தியமா நான் தொடலடி” என்றார்.

“தெரியும்மா. இங்க வந்து உக்காருங்க.”

அதன் பிறகு அக்கா அதிக நாள் இருக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தபடியே போனார்.

நான் கேட்ட இரண்டையும் முருகன் தரவில்லை. ஏன் என்று கேட்கும் படிப்பு எனக்கு இல்லை. விளக்கேற்றுகிறேன், மனம்தான் ஆறவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தம் மோட்டார் காடியைக் கொடுத்த மந்தின் ஊர்ச் சித்தப்பாவுக்கும், எங்களோடு முறை வைத்து அக்காவைப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டுச் சீன அம்மாவுக்கும், தேவாரம் பாடிய கோயில் அன்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ‘கரண்டு பிளாஸ்டிக் கண்டுபிடித்தவர்’ என்று அட்டையில் பெரிதாகப் போடச் சொன்ன உறவினர்கள் கோபிக்கக் கூடாது. அக்காவின் தகடு ஈரத்தில் நிற்கவில்லை. அப்படியே அச்சடிக்கச் சொல்லிவிட்டேன்.