செவ்வந்தி வாயைத் திறந்தால்

அபிராமபுரத்தில் நான் குடியிருக்கும் மாடியிலிருந்து பார்த்தால் இரண்டு வீட்டுக் கொல்லைகளும் தெரியும். இந்தப் பக்கம் வீட்டுக்கார அம்மா சரோஜாதேவி. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கமர் ஜஹான். இருவர் கொல்லையிலும் ஒரே கொத்தனார் கட்டிய குட்டிக் குளம், ஒரே கடையில் வாங்கிய அல்லியும் மீன்களும். ஆனால் கமர் ஜஹான் குளத்தில் அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரியும். சரோஜாதேவி குளமோ கீரை கடைந்து ஊற்றியது போலப் பச்சை.

சரோஜாதேவிக்கு வயிறு எரிந்தது. வந்தவர்கள் யாராவது சுவரை எட்டிப் பார்த்து "அடடா" என்றால், அவர்கள் காபியில் சர்க்கரை குறையும்.

"என்னமோ மருந்து போடுதா. கேட்டா சொல்லவா போறா?" என்று என்னிடம் பொருமுவாள். கேட்கவும் மாட்டாள். கேட்டால் தோற்றதாகிவிடுமாம்.

திருநெல்வேலிக்காரி. தி.நகரில் அவர்கள் துணிக்கடைக்கு வருகிறவர்கள் ஒன்றுமே வாங்காவிட்டாலும் கலர் குடிக்காமல் வெளியே போக முடியாது. மீனுக்கும் அதே உபசாரம்தான். காலையில் இட்லி, மதியம் சோறு, சாயங்காலம் பிஸ்கட். செவ்வந்தி என்று அவள் பெயர் வைத்த பெரிய மீன் வந்து அவள் விரலையே கவ்வும்.

ஒரு நாள் காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "பாவம், கொலப்பசி" என்று இன்னும் இரண்டு இட்லியை உதிர்த்துப் போட்டாள். மத்தியானத்துக்குள் மூன்று மீன்கள் செத்து மிதந்தன. செவ்வந்தி ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் கமர் ஜஹானே சுவரை எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, அது பசி இல்ல, மூச்சு முட்டிக்கினு கீது! போட்டதெல்லாம் அடியில அழுகிப் போச்சு. மொதல்ல அத்த இங்க குடுங்க."

செவ்வந்தி பக்கெட்டில் சுவரைத் தாண்டியது.

"நீ என்னதான் போடுத?" என்று சரோஜாதேவி கடைசியில் கேட்டேவிட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா. வாரத்துக்கு ரெண்டு தபா, ஒரு சிட்டிக தீனி. அதான் நான் போனா எல்லாம் ஓடி ஒளிஞ்சிக்கும். உங்க மீனு கைய வந்து கவ்வுறதப் பாத்து எனக்கு எவ்ளோ பொறாமை தெரியுமா?"

அழுத முகத்தில் சரோஜாதேவிக்கு ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

அப்புறம் அழுகலை அள்ளினாள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு தீனியைக் குறைத்தாள். அடுத்த மாதம் அவள் குளத்திலும் தரை தெரிந்தது. செவ்வந்தியைத் திரும்ப வாங்கப் பக்கெட்டோடு சுவரருகே போனாள்.

அந்தப் பக்கம் கமர் ஜஹான் குளத்தருகே குந்தியிருந்தாள். செவ்வந்தி அவள் விரலைக் கவ்விக்கொண்டிருந்தது. "பாருங்கக்கா, இன்னா பாசம்!" என்றாள். பக்கத்தில் ஒரு தட்டில் உதிர்த்த இட்லி. தண்ணீரில் லேசாகப் பச்சை ஏறியிருந்தது.

"செவ்வந்தி" என்று சரோஜாதேவி கூப்பிட்டாள். மீன் திரும்பவில்லை. இட்லி போடாதே என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். பக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு விறுவிறுவென்று சமையலறைக்குப் போனவள், ஆவி பறக்க இரண்டு இட்லியோடு சுவருக்குத் திரும்பி வந்தாள்.