மஜீது காக்காவின் ட்ரம்மர்

சென்ற வெள்ளிக்கிழமை சுபஹு தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மில்லுக்கார மஜீது மௌத்தாகிவிட்டார், ஜும்மாவுக்குப் பிறகு ஜனாஸா நல்லடக்கம் என்றார்கள். ‘இன்னாலில்லாஹி’ என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மில்லுக்காரராம். கொழும்பு ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்து வெள்ளைக்காரர்களை ஆடவைத்த மனிதர், கப்பலில் சக்ஸபோன் ஊதிக்கொண்டே பாதி உலகம் பார்த்தவர், கடைசியில் கல்முனையில் வெறும் மில்லுக்காரர். அந்த மில்லும் எழுபத்தெட்டுச் சூறாவளியோடு போய்விட்டது. ஜனாஸா வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் அந்த அறிவிப்பாளரோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன்.

அண்ணன் ஸ்தானத்தில் நாங்கள் மஜீது காக்கா என்று கூப்பிட்ட அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் தெரிந்தவர்களிலேயே பலருக்கு அவர் எப்படி ஊருக்குத் திரும்பினார் என்பது தெரியாது. இளம் வயதில் கொழும்பில் சொந்தக்காரர் ஒருவரின் துணிக்கடையில் வேலைக்கு நின்றார். கடைக்குப் பின்னால் ஒரு ஹோட்டல். அங்கே ஒத்திகை பார்த்த பாண்டுக்காரர்களோடு சிநேகமாகி, துணி அளப்பதை விட்டுவிட்டு சக்ஸபோனைத் தூக்கிக்கொண்டார். வாப்பா மௌத்தானதும் ஊரில் நெல் குத்தும் மில் அவர் தலையில் விழுந்தது. ஒரு சக்ஸபோனோடும், கப்பலில் வாங்கிய ஒரு பெரிய டேப் ரெக்கோடரோடும் வந்து சேர்ந்தார். மில்லுக்குப் பக்கத்து அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஊதுவார், ஊதுவதைத் தானே பதிவும் செய்வார். மில் ஓடும்போது மட்டும்தான் ஊதுவார். மில் நின்றால் அவரும் நிறுத்திவிடுவார்.

இதற்கு ஊரில் ஒரு விளக்கம் இருந்தது. பெரியவர்களுக்கு இந்த ஊதல் பிடிக்காது, அதனால் பாவம் மனிதர் மில் சத்தத்துக்குள் ஒளிந்து ஊதுகிறார் என்பார்கள். கேட்டால் அவர் ஆமென்றும் சொல்லமாட்டார், இல்லையென்றும் சொல்லமாட்டார், சிரிப்பார். நானும் அப்படித்தான் நம்பினேன். சந்தையடியில் கெசட் பதியும் கடை வைத்திருப்பவன் நான். சத்தத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு உண்டு.

சூறாவளிக்கு முன்பே அவருடைய முன்பற்கள் போய்விட்டன. கட்டுப்பல்லோடு ஊதிப் பார்த்தார். ‘காத்துத்தான் வருது, பாட்டு வருதில்ல’ என்று சொல்லி சக்ஸபோனைத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். ஆகவே அவர் ஊதியதெல்லாம் இனி அந்த டேப்புகளில் மட்டும்தான். சூறாவளி அடித்து ஓய்ந்த பிறகு நான் முதலில் என் கடையைப் பார்த்தேன், அடுத்தது அவர் வீட்டுக்கு ஓடினேன். தென்னைகள் எல்லாம் குப்புற விழுந்து கிடந்தன. மில்லின் சுவர் எஞ்சின்மேல் சரிந்திருந்தது. கூரையில்லாத வீட்டுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அறைக்கு அறை, தூணுக்குத் தூண், பழுப்பு நிற நாடாக்கள் கொடிகட்டித் தொங்கின. தகரப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து நனைந்த டேப்புகளை அவருடைய மனைவி சித்தி ராத்தா ஒவ்வொன்றாகப் பிரித்து, பழைய சாறன் துண்டால் ஒற்றி ஒற்றி உலரப் போட்டிருந்தார். நாடாவில் தலை இடிக்காமல் குனிந்து போகச்சொல்லி என்னை அதட்டினார். வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முன்னால் டேப் காயவேண்டும் என்பதுதான் அந்த மனுசியின் கணக்கு.

காய்ந்த டேப்புகளில் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். முதலில் இரைச்சல், பிறகு எஞ்சினின் டுக் டுக், அதற்கு மேலே அவருடைய சக்ஸபோன். அவ்வளவு இனிமையான ஒன்றை நம் ஊர் மண்ணில் நின்று ஒருவர் ஊதியிருக்கிறார் என்பதை நம்பவே முடியவில்லை. நான் சந்தோஷத்தில் சத்தம் போட்டேன். ஆனால் நாடா ஓடிய இடமெல்லாம் பழுப்புத் தூள் உதிர்ந்து கிடந்தது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் டேப் தன்னையே தேய்த்துக்கொள்கிறது என்பது விளங்கியது. ஒரே ஓட்டத்தில் கெசட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கு என் மெசின் போதாது. மட்டக்களப்பில் ரேடியோ திருத்தும் பெனடிக்ட்டிடம் நல்ல மெசின் இருந்தது. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

பெனடிக்ட் நல்ல மனிதர், வேலையில் கெட்டிக்காரர். நான் கேட்காமலே ஓர் உதவி செய்தார். கீழ்ச்சத்தத்தையெல்லாம் வெட்டி மில் இரைச்சலை எடுத்துவிட்டு, சக்ஸபோனை மட்டும் பளிச்சென்று பதிந்து தந்தார். நான் பூரித்துப்போனேன். ஒளிந்து ஊதியவரை வெளியே கொண்டுவந்துவிட்டோம் என்ற மிதப்போடு கெசட்டை அவர் வீட்டில் போட்டுக் காட்டினேன். மஜீது காக்கா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, ஆளைத் தேடுகிறவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

“எங்க தம்பி என்ட ட்ரம்மர்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டேப்பில் நீங்கள் தனியாகத்தானே ஊதியிருக்கிறீர்கள் என்றேன்.

“தனியவா? அப்ப அந்த எஞ்சின் சும்மாவா நிண்டது? ஊர்ச்சனம் சொல்லுது நான் ஒளிச்சி ஊதினனாம். ஒளிக்கிறதுக்கில்ல தம்பி. கல்முனையில எனக்குத் தாளம் போட அவன் ஒருத்தன்தான் இருந்தான்.”

சித்தி ராத்தா அடுப்படியிலிருந்து சிரித்தது கேட்டது. அவருக்கு இது எப்போதோ தெரியும். எனக்குத்தான் அது புதிது. இத்தனை வருடமாக ஊரே ஒரு கச்சேரியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அதை மில் இரைச்சல் என்று நினைத்திருக்கிறது. அந்த எஞ்சினோ இப்போது பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. அவனுடைய தாளம் இருப்பது தூள் உதிரும் அந்த டேப்புகளில் மட்டும்தான். இன்னொரு தரம் ஓட்டினால் பூச்சு முழுக்கக் கழன்றுவிடும், பிறகு தன்னிடம் வரவேண்டாம் என்று பெனடிக்ட் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். நான் அதைச் சொன்னேன். சக்ஸபோன் மட்டும் உள்ள நல்ல பிரதி ஒன்று கையில் இருக்கிறது, அதுவாவது மிஞ்சட்டும் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

“ஓட்டு தம்பி. அவன் இல்லாம நான் மட்டும் மிஞ்சி என்ன செய்ய?”

நான் மறுபடி போய் நின்றபோது பெனடிக்ட் முதலில் முறைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரே பரபரப்பானார். மெசினைத் தூக்கி வாடகைக் காரில் வைத்துக்கொண்டு கல்முனைக்கே வந்துவிட்டார். அன்றைய பகல் எனக்கு இன்றைக்கும் மறக்காது. இரண்டு டேப் அறுந்து போயின. அறும்போதெல்லாம் நான் தலையில் கைவைத்தேன், மஜீது காக்கா ‘அடுத்தது’ என்பார். மற்றவை ஓடின. தூள் பறக்கப் பறக்க ஓடின. எஞ்சின் தாளம் போட, அவர் அதற்குள் நுழைவார், விலகுவார், மறுபடி வந்து சேர்வார். ஓரிடத்தில் தாளம் மெல்ல இறங்கியது. டேப் மக்கர் பண்ணுகிறது என்று பெனடிக்ட் பதறி எழும்பினார். காக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“அது டேப் இல்ல. ஆரோ ஈர நெல்லக் கொண்டாந்து கொட்டிட்டான். எஞ்சின் இழுபடுது. இப்ப நான் என்ன செய்யிறன் எண்டு கேளுங்க.”

கேட்டோம். சக்ஸபோன் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஈர நெல் அரைபட்டு முடிந்து, எஞ்சின் மூச்சுவிட்டு நிமிர்ந்ததும், இரண்டும் சேர்ந்து பாய்ந்தன. பெனடிக்ட் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ‘வேகமா ஊத ஆருக்கும் ஏலும், காத்திருக்கத்தான் படிக்கணும்’ என்று மஜீது காக்கா அடிக்கடி சொல்வார். அது பொறுமை பற்றிய உபதேசம் என்று நினைத்திருந்தேன். அன்றுதான் அது ஊதும் தொழில் பற்றிய பேச்சு என்று தெரிந்தது.

எஞ்சினோடு கெசட்டில் சேமித்தாயிற்று. யாருக்குக் கொடுப்பது? சினிமாப் பாட்டுக் கேட்டு என் கடைக்கு வருகிறவர்களிடம் போட்டுக் காட்டினால் கெசட் கெட்டுவிட்டதா என்று கேட்டார்கள். அந்தக் காலத்தில்தான் நம் ஊர் ஆண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போகத் தொடங்கியிருந்தார்கள். கடிதம் எழுதத் தெரியாத பெண்கள் என் கடையின் பின்னறைக்கு வந்து புருஷன்மாருக்குக் கெசட்டில் கதைத்து அனுப்புவார்கள். கதைத்து முடிந்தும் பின்பக்கத்தில் டேப் வெறுமையாகக் கிடக்கும். நிந்தவூர்ப் பெண் ஒருத்தியிடம், மிச்சத்தில் ஒரு பாட்டுப் போடட்டுமா என்று கேட்டேன். வெறும் டேப்பை அனுப்புவதற்குப் பதிலாக எதையாவது போடுங்கள் என்றாள். போட்டேன், எஞ்சினோடு.

சில கிழமை கழித்து அவள் பதில் கெசட்டைக் கொண்டுவந்தாள். முன்பாதி தனக்கு, கடைசி மட்டும் எனக்கு என்று சொல்லி, தானே ஓடவைத்து, சரியான இடத்தில் நிறுத்தித் தந்தாள். அவள் புருஷனின் குரல் பாலைவனத்திலிருந்து கத்தியது.

“கெசட்டுக் கடைசியில நம்மட மில் சத்தம் கேட்டிச்சி. ரூமில படுத்துக் கிடந்தவனெல்லாம் எழும்பிட்டான். இன்னம் இருந்தா அனுப்பச் சொல்லு. இடையில ஆரோ ஊதுறான், அது பரவால்ல.”

இதை எப்படி அவரிடம் போட்டுக் காட்டுவது? மறைக்கவும் மனம் வரவில்லை. கொண்டுபோய்ப் போட்டேன். மஜீது காக்கா சிரித்த சிரிப்பில் கட்டுப்பல் கழன்று மடியில் விழுந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு, “கடைசியில என்ட ட்ரம்மருக்குக் கைதட்டுக் கிடைச்சிட்டு” என்றார். எனக்கு அவருக்காக அழுகை வந்தது, அவரோ கல்யாண வீட்டுக்காரர் மாதிரி சித்தி ராத்தாவிடம் தேத்தண்ணி போடச் சொன்னார்.

பிறகு என் கடையில் ஒரே கேள்விதான், மில் கெசட் இருக்கா? ஒலுவிலிலிருந்து கேட்டார்கள், அட்டாளைச்சேனையிலிருந்து கேட்டார்கள், பெரியநீலாவணையில் மில் பக்கமே போகாத மீன்காரர்கள்கூடக் கேட்டார்கள். மில்லுக்காகக் கேட்கத் தொடங்கியவர்களுக்கு ஊதலும் மெல்ல மெல்லப் பிடித்துப்போனது. விடுமுறையில் வந்த அந்த நிந்தவூர்க்காரரே ஒருநாள் காக்காவின் வீட்டுக்கு வந்து, கூச்சத்தோடு நின்று, “நீங்க எஞ்சினுக்காகக் காத்து நிக்கிறீங்கதானே?” என்று கேட்டார். ஓம் என்று மட்டும் சொன்னார் மஜீது காக்கா. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் வேறெப்போதும் பார்த்ததில்லை.

ஜும்மாவுக்குப் பிறகு அடக்கத்துக்கு மையவாடியில் கூட்டம் நிறைந்து நின்றது. எனக்கு முன்னால் நின்ற இருவர், எந்த மஜீது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். மில் கெசட் மஜீது என்றார் ஒருவர். மற்றவர் தலையை ஆட்டிக்கொண்டே, விரலால் தொடையில் மெதுவாகத் தாளம் போட்டார். டுக், டுக், டுக். அப்போது என் கோபம் இறங்கிவிட்டது. அந்த அறிவிப்பு அவர் காதில் விழுந்திருந்தால் சிரித்திருப்பார். மில்லோடு சேர்த்துத் தன் பெயரைச் சொல்லவேண்டும் என்றுதானே மனிதர் அத்தனை டேப்பையும் பணயம் வைத்தார்.

டேப்புகள் சித்தி ராத்தாவிடமே இருக்கின்றன. கெசட்டுகள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். எந்த ஊரில் எந்த மில்லைக் கடந்தாலும் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொள்கிறேன். எஞ்சின் தன்பாட்டில் தாளம் போடுகிறது. அவர் இப்போது நுழைவார் என்று நிற்கிறேன்.