மிதித்தால் ஓடும் வண்டி

என் கையெழுத்து கோழி கிறுக்கியது போல இருக்கும். ஐந்தாவதோடு நின்ற படிப்பு, பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியில் பேட்டரி சைக்கிள் விற்கும் பாய் ஒருவர். நரைத்த தாடி, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. பேசும்போது ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். கூச்சக்காரனான எனக்கு அது வசதியாக இருந்தது.

குன்றக்குடியில் எனக்குச் சமையல் வேலை, தினமும் போய்வரத்தான் வண்டி. உடம்பைக் குறைக்காவிட்டால் சர்க்கரைக்கு ஊசிதான் என்று டாக்டர் சொன்னதைப் பாயிடம் எப்படியோ சொல்லிவிட்டேன். ஆனால் அவர் காட்டிய முதல் வண்டிக்கே தலையாட்டினேன். விலை அதிகம், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"எதைக் காட்டுனாலும் தலையாட்டுறீக. வாங்க, ஏத்தத்துல பாப்போம்" என்று, விலை குறைந்த இன்னொரு வண்டியில் அவரும் கூடவே வந்தார்.

குன்றக்குடி ஏற்றத்தில் கைப்பிடியைத் திருகினேன். மிதிக்காமலே மேலே போய்விட்டது.

"மூச்சு வாங்குச்சா?" என்றார் பாய்.

"இல்ல பாய், சொகமா இருந்துச்சு."

"டாக்டரு எளைக்கச் சொன்னது ஒங்களையா, பேட்டரியையா?"

கீழே வந்து, அவர் ஓட்டி வந்த வண்டியில் அதே ஏற்றத்தை மறுபடி ஏறினேன். மிதித்தால்தான் அதன் மோட்டார் கைகொடுக்கும். உச்சிக்கு வந்தபோது சட்டை நனைந்திருந்தது. ஆனால் ஓரிடத்திலும் இறங்கித் தள்ளவில்லை.

"இதுதான் வேணும்" என்றேன். எந்தக் கடைக்காரரிடமும் அப்படி நான் வாய்விட்டுக் கேட்டதில்லை.

இப்போது பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போய்விட்டது. வாங்கத் தயாராக நின்றவனிடம் விலை கூடிய வண்டியை ஏன் விற்காமல் விட்டார் என்றுதான் தெரியவில்லை.

ஆடியில் வாங்கியது. எழுதி முடித்தது கார்த்திகை முதல் தேதி.